பாலாற்றுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தோல் தொழிற்சாலையில் கேட்டால் அரசைக் கேள் என்கிறார்கள், அதிகாரிகளோ அடுத்த ஆபீசைக் கைகாட்டுகிறார்கள். யாரைத்தான் பிடிப்பது?
– ஒரு வாசகி, வாணியம்பாடி பக்கம்

பதில்: இரண்டு பேரையும்தான் அம்மா. தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவர் நஷ்டஈடும் தர வேண்டும், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். ஆனால் குடத்தின் அடியில் இன்னமும் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2015-ல் ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்து தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அதையெல்லாம் விபத்து என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

சரி, இப்போது உங்கள் கையில் இருப்பது உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரி 30 தீர்ப்பு. நிலுவை நஷ்டஈட்டை அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்கிறது அது. அதனால் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: எங்கள் ஊர் நீர்ப் பரிசோதனை முடிவு என்ன, நஷ்டஈட்டுப் பட்டியலில் யார் யார், ஆலைகளிடம் எவ்வளவு வசூலானது? 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அப்புறம், பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் தனித்தனியாக மனு போடச் சொல்லுங்கள்.