தாயம், தாம்போலா, பல்லாங்குழி: வீடியோ காலில் விளையாட எது சரிப்படும்? கேள்வி பதில்

ஊரில் பெரியவர்கள், வெளிநாட்டில் அண்ணன் தம்பிகள், நடுவில் பெங்களூரில் நாம். இலவச வீடியோ காலில் எல்லோரும் சேர்ந்து விளையாடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. சந்தா கட்டும் திட்டங்கள் இங்கே வேண்டாம்.

இந்திரா நகர்: அம்மா மதுரையில், அண்ணன் நியூ ஜெர்சியில். எது நல்லது?

முதலில் ஆட்டத்தைச் சொல்லுங்கள். தாம்போலாவுக்கு எண் சொல்பவரின் குரல் கேட்டால் போதும். தாயத்துக்குப் பலகை தெரிய வேண்டும். சீட்டென்றால் யார் கையும் தெரியக்கூடாது. ஆட்டம் முடிவானால் கருவி பாதி முடிவானது போல.

மீதிப் பாதி உங்கள் அம்மா. அவர் எதில் பச்சை பட்டனைத் தட்டிப் பழகியிருக்கிறாரோ அதற்கே முதலிடம். வாட்ஸ்அப்பில் 32 பேர் வரை சேரலாம், நேர வரம்பு கிடையாது. கூகுள் மீட்டில் இருவர் என்றால் 24 மணி நேரம் பேசலாம், மூன்றாமவர் வந்தால் 60 நிமிடம்தான். ஜூம் இருவருக்கும் 40 நிமிடம், இருபது பேருக்கும் 40 நிமிடம். இலவச டீம்ஸில் குழுவுக்கு 60 நிமிடம். ஜிட்சியில் அறையைத் திறப்பவர் கூகுள் போன்ற ஒரு கணக்கில் நுழைய வேண்டும், மற்றவர்கள் லிங்கைத் தட்டினால் போதும்.

ஸ்கிரீன் ஷேர் செய்யும் முன் 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள். வங்கி ஓடிபி திரையில் வந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

ஹெப்பால்: ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஜூம் அறுந்துவிடுகிறது. நெட் கோளாறா?

இல்லை, 40 நிமிடம் முடிந்துவிட்டது. மறுபடி எல்லோரும் லிங்கைத் தட்டி வர வேண்டும், அதில் பெரியவர்கள் தொலைந்துபோவார்கள். வாட்ஸ்அப்புக்கு மாறுங்கள்.

பனசங்கரி: தாயக் கட்டத்தை எப்படிக் காட்டுவது? போனைக் கையில் பிடித்தால் ஆடுகிறது.

கையில் பிடிக்கவே வேண்டாம். சாப்பாட்டு மேஜை இரண்டரை அடி உயரம் இருக்கும். போனைத் திரை மேலே பார்க்க மேஜை விளிம்பில் வைத்து, கேமரா இருக்கும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியே நீட்டுங்கள். உள்ளே இருக்கும் பகுதி மேல் அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட். பின்பக்கக் கேமராவைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நேர் கீழே தரையில் கட்டத்தை வையுங்கள். ஒன்றரை அடிக் கட்டம் முழுசாகத் தெரியும்.

தடுமாற்றம் வருவது வெளிச்சத்தில். பளபளக்கும் ஃப்ளெக்ஸ் கட்டத்தில் டியூப் லைட் வெள்ளைக் கோடாக விழுந்து காயை மறைக்கும். சாதா சார்ட் பேப்பரில் தடித்த மார்க்கரால் வரையுங்கள், சுண்ணாம்புக் கோடு இன்னும் மேல். தலைக்கு மேல் விளக்கை அணைத்துப் பக்கவாட்டு விளக்கைப் போடுங்கள்.

முகம் பார்க்க வேறொரு போன் வேண்டும். வாட்ஸ்அப் என்றால் வீட்டில் இன்னொருவர் எண்ணில் உள்ள போனைச் சேருங்கள். அப்போது ஒரே அறையில் இரண்டு மைக் இருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். பலகை போனில் மைக்கை அணையுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் கால் ஒலி பூஜ்யத்துக்கு இறங்காது, பழைய இயர்போன் ஒன்றைச் சொருகினால் சத்தம் அதற்குள் அடங்கிவிடும்.

அல்சூர்: ஸ்கைப் எப்படி?

2025 மே 5-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள்.

ஒயிட்ஃபீல்டு: எங்களிடம் தாயக்கட்டை இல்லை. லூடோ பகடை ஆப்பில் உருட்டினால் என்ன குறை?

ஆட்டமே வேறாகிவிடும். தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 0, 1, 2, 3. இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகை. அதில் தாயம் (அதாவது ஒன்று) 2, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு (இரண்டிலும் 0) 1. அதிகம் விழுவது மூன்று, 16-க்கு 4. இரண்டும் நான்கும் மும்மூன்று. மறுபடி உருட்டத் தரும் 1, 5, 6, 12 சேர்ந்து 16-க்கு 6, அதாவது 37.5 சதவீதம்.

ஆறுமுகப் பகடையில் பன்னிரண்டே இல்லை. ஆறு விழும் வாய்ப்பு பதினாறில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாக ஏறிவிடும். மறு உருட்டல் 50 சதவீதம். முதலில் ஆடுபவர் காயை ஓட்டிக்கொண்டே போவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கட்டை இல்லாவிட்டால் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் இரண்டு 2 ரூபாய் நாணயமும் எடுங்கள். குலுக்கிப் போட்டுத் தலை விழுந்தவற்றின் மதிப்பைக் கூட்டுங்கள், நான்கும் பூவென்றால் பன்னிரண்டு. கணக்கு தாயக்கட்டையோடு அச்சாகப் பொருந்தும்.

ஜெயநகர்: எங்கள் பாட்டி உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் கேட்டது விழுகிறது. நாங்கள் பார்ப்பதோ மங்கலான படத்தில். ஆப்தான் நியாயம்.

ஆப் வேண்டாம், டம்ளர் போதும். கட்டைகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டு மூன்று குலுக்கு, பிறகு கவிழ்ப்பு. கேமராவுக்குள் விழுந்தால்தான் செல்லும், வெளியே ஓடினால் மறுபடி.

மல்லேஸ்வரம்: டம்ளரா! உருட்டுவதும் கைத்திறன்தான். டம்ளர் வந்தால் அது தாயமே இல்லை.

ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. எதிராளி கையைப் பார்க்கிறார், தன் முறையில் அதே வித்தையைத் தானும் செய்கிறார். வீடியோ காலில் பலகை இருக்கும் வீட்டார்தான் எல்லோருக்குமாக உருட்டுகிறார்கள். உங்கள் காய்க்கும் பாட்டியின் கைத்திறன்தான்! அதனால்தான் டம்ளர். ஒவ்வொரு வீட்டிலும் கட்டை இருந்து, அவரவர் தம் கேமரா முன் உருட்டினால் கையாலேயே உருட்டுங்கள், தடை சொல்ல மாட்டேன்.

ஜெயநகர்: அப்படியென்றால் பாட்டி மறுபடி ஜெயிப்பார்.

ஜெயிக்கட்டும்.

கே.ஆர். புரம்: ஜூம் 40 நிமிடத்தை நீட்ட ஏதாவது செட்டிங் உண்டா?

இலவசத்தில் இல்லை. மேலே ஹெப்பால்காரருக்குச் சொன்னதே.

ஃப்ரேசர் டவுன்: கிராமத்தில் தாத்தாவுக்கு நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபிதான். படம் உறைந்து நிற்கிறது. எந்த ஆட்டம் ஆடலாம்?

வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வீடியோ ஓடினால் மணிக்கு 450 எம்பி. அனுப்புவது ஒன்று, வாங்குவது ஒன்று, ஆக 900 எம்பி. ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் தீர்ந்துவிடும். வாட்ஸ்அப் செட்டிங்கில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் காலுக்குக் குறைந்த டேட்டா என்ற பட்டனைப் போடுங்கள்.

அதைவிட, படமே வேண்டாத ஆட்டம் எடுங்கள். பல்லாங்குழிக்கு ஈடில்லை. அதில் அதிர்ஷ்டமும் கிடையாது, மறைத்து வைக்கவும் ஒன்றுமில்லை. இரு வீட்டிலும் ஆளுக்கொரு பலகை, குழிகளுக்கு அவரவர் இடப்பக்கத்திலிருந்து 1 முதல் 7 வரை எண். "என் மூணு" என்றால் இரு பக்கமும் அந்தக் குழியை எடுத்து ஒரே மாதிரி போட்டு வர வேண்டும். குழிக்கு 5 முத்து வீதம் 14 குழிக்கு 70. சந்தேகம் வந்தால் பலகையிலும் கையிலும் உள்ளதைக் கூட்டுங்கள், 70 வராவிட்டால் யாரோ ஒரு முத்தைத் தவற விட்டிருக்கிறார்கள். கூட்டல் சரியாக வந்தும் பலகைகள் ஒத்துப்போகாவிட்டால், ஒருவர் சுற்றும் திசையை மாற்றியிருக்கலாம். ஆடுபுலி ஆட்டமும் இப்படியே, புள்ளிகளுக்கு எண் போட்டால் சாதா போன் காலில்கூட ஆடலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி: தம்பி துபாயில். வாட்ஸ்அப் கால் போகவில்லை. விபிஎன் போடச் சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள். அங்கே வாட்ஸ்அப் காலும் ஃபேஸ்டைமும் தடுக்கப்பட்டவை. விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. போட்டிம், டீம்ஸ், ஜூம் மூன்றில் ஒன்றை எடுங்கள். ஜூம் என்றால் 40 நிமிடம், தயவுசெய்து மறுபடி கேட்காதீர்கள்.

கோரமங்களா: பாட்டுக்குப் பாட்டில் கூடச் சேர்ந்து பாடினால் இழுக்கிறது.

இழுக்கத்தான் செய்யும், குரல் போய்ச் சேரத் தாமதம். ஒவ்வொருவராகப் பாடுங்கள். தாளம் கேட்காமல் போவது இரைச்சல் நீக்கியால், ஜூமில் ஒரிஜினல் சவுண்டைப் போட்டால் கேட்கும். "யார் முதலில் சொன்னது" வகை ஆட்டம் எதையும் வீடியோ காலில் வைக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும்.

ராஜாஜி நகர்: காசு வைத்து ரம்மி?

ஆன்லைன் பண விளையாட்டுகளை 2025 சட்டம் தடை செய்துவிட்டது. அதற்கு மேல் வக்கீலைக் கேளுங்கள்.

மாரத்தஹள்ளி: அம்மா போனை நானே இங்கிருந்து இயக்க ஏதாவது ஆப் போட்டு வைக்கலாமா?

ஆட்டத்துக்காக வேண்டாம். இன்று உங்களுக்கு அனுமதி தரப் பழகியவர் நாளை பேங்க்காரன் என்று சொல்பவனுக்கும் தருவார். அம்மாவை அவர் போனில் ஸ்கிரீன் ஷேர் செய்யச் சொல்வதற்கும் இதே பேச்சுதான்.

யஷ்வந்த்பூர்: மழை வந்தால் கரண்ட் போய் ரவுட்டரும் போகிறது.

ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெயநகர்: கடைசியாக ஒன்று. நடுவில் கால் அறுந்தால் தாயத்தில் காய் எங்கே இருந்தது என்று தகராறு.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பலகையைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுங்கள், அடுத்து யார் முறை என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு திரும்பி வரும்போது பாட்டியின் காய் மட்டும் பழத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.