நாவலைப் படமாக்கும்போது மூலக்கதையில் கை வைப்பது சரியா?

பிடித்த நாவல் ஒன்றைத் திரையில் பார்த்து நொந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகக் கை வைக்கலாம். ஆனால் எங்கே வைப்பது என்று தெரிந்தவர் வைக்க வேண்டும். என் கணக்கில் அப்படிப்பட்டவர் எம்மா தாம்சன்.

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் வந்த நாவல். ஆங் லீ 1995இல் அதைப் படமாக எடுத்தபோது திரைக்கதை எழுதியதும், மூன்று சகோதரிகளில் மூத்தவள் எலினோராக நடித்ததும் எம்மாதான். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. 'ஹோவர்ட்ஸ் எண்ட்' படத்தில் நடித்ததற்கு முன்பே ஒன்று வாங்கியிருந்தார். நடிப்பு, எழுத்து இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர் வேறு யாரும் கிடையாது.

நாவலில் எலினோருக்கு 19 வயதுதானே, இவருக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டதே என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். உண்மைதான். ஆனால் அவள் மனதுக்குள் விரும்பும் எட்வர்டுக்கு வேறொருத்தியோடு கல்யாணம் ஆகவில்லை என்று தெரியும் இடத்தைப் பாருங்கள். நாவலில் அவள் அறையை விட்டு ஓடி, கதவைச் சாத்திய பிறகுதான் அழுவாள். படத்தில் அவன் எதிரிலேயே வெடித்து, மூச்சு முட்ட விக்கி அழுவார். அதற்குப் பிறகு வயதைப் பற்றிப் பேசலாம்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு இடம். சாகும் தறுவாயில் எலினோரின் அப்பா, இளைய தாரத்தையும் அவள் பெண்களையும் பார்த்துக்கொள் என்று மூத்த தாரத்து மகனிடம் வாக்கு வாங்குகிறார். அவனும் 3000 பவுண்டு தருவதாக நினைக்கிறான். மனைவி ஃபேன்னி பேசப் பேச அது 1500 ஆகிறது, பிறகு வருடத்துக்கு 100, கடைசியில் எப்போதாவது ஒரு 20. நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க உட்கார்ந்து பேசுவதை, எம்மா துண்டு துண்டாக்கி வண்டிப் பயணத்தோடு ஓடவிட்டிருப்பார். வண்டி நகர நகரத் தொகை குறையும்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பின்பக்க மனை தங்கச்சிக்குத்தான் என்று சொந்தபந்தம் முன்னால் அண்ணன் சொன்னார். அப்புறம் அது பாதி மனையானது. பாதி மனை பணமானது. பணம், "பாப்பா கல்யாணத்துக்குச் செய்யாமலா போயிடுவோம்" என்றானது. இப்போது பொங்கலுக்கு ஒரு புடவை வருகிறது, அதுவும் அண்ணி தேர்வு. அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "அவங்களுக்கென்ன குறை, மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் உத்தியோகம்" என்பார், அவ்வளவுதான்.

சொத்துக்கு அலைகிறாள் என்று எழுத வேண்டாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 2005இல் வந்த சட்டத் திருத்தம் எனக்கும் தெரியும். கேஸ் போட்டால் அம்மா யார் வீட்டில் இருப்பது என்பதற்கு அதில் பிரிவு இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எலினோரின் தங்கை மரியானைக் கைவிட்டுப் போன வில்லபி மன்னிப்புக் கேட்டு வரும் நீண்ட காட்சியை எம்மா அப்படியே தூக்கிவிட்டார். நாவலில் ஓரமாக நிற்கும் கடைக்குட்டி மார்கரெட்டுக்குப் படத்தில் மரவீடும் அட்லஸும் கொடுத்தார். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

இதே நாவலைத் தழுவித்தான் 2000இல் ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வந்தது. எங்கள் அண்ணிக்கு மிகவும் பிடித்த படம். டிவியில் எப்போது போட்டாலும், தபுவும் ஐஸ்வர்யா ராயும் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் அழுவார்.