புது கார் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கையில் இருக்கும் பணத்துக்கு மூன்று வருடம் ஓடிய கார் தாராளமாகக் கிடைக்கும். கொஞ்சம் கடன் சேர்த்தால் அதே மாடலைப் புதிதாகவே எடுக்கலாம். வீட்டில் எல்லோரும் புதுசுதான் வேண்டும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அந்த வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

புது காரின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 20 சதவீதம் இறங்குகிறது, பிறகு ஒவ்வொரு வருடமும் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் இறங்குகிறது என்றும் கொள்வோம். மாடலுக்கு மாடல் இது மாறும். ஆனால் ஆரம்பத்தில் வேகமாகச் சரிந்து பிறகு நிதானிப்பது எல்லா வண்டிக்கும் பொது. இந்தக் கணக்கில் மூன்று வருட முடிவில் 58, ஐந்து வருடத்தில் 42, பத்து வருடத்தில் 18, 19 என்று நிற்கும். புதிதாக வாங்கி மூன்றே வருடத்தில் விற்பவருக்கு வருடத்துக்கு 14 பங்கு நஷ்டம். அதையே பத்து வருடம் ஓட்டுபவருக்கு 8 பங்கு. மூன்று வருட வண்டியை 58-க்கு வாங்கி அதற்குப் பத்து வயதாகும் வரை ஓட்டுபவருக்கு ஐந்தரைப் பங்குதான்.

ஆக, புதிதாக வாங்கிப் பத்து வருடம் ஓட்டுவதற்கும் பழையதை வாங்கி ஏழு வருடம் ஓட்டுவதற்கும் வருடத்துக்கு இரண்டரைப் பங்கு வித்தியாசம். ஏழு வருடத்துக்குச் சுமார் 18 பங்கு. பழைய வண்டிக்குக் கூடுதலாக ஆகும் ரிப்பேர் இந்த 18-க்குள் அடங்கினால் பழையது லாபம். டயர், பேட்டரி, பிரேக் பேடு எல்லாம் முதல் தடவை தேய்ந்து முடியும் சமயத்தில்தான் வண்டி உங்கள் கைக்கு வருகிறது என்பதையும் இதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 58 என்பது நாம் போட்ட விலை. விற்பவர் 70 கேட்டால் அந்த வித்தியாசம் வருடத்துக்கு ஒரு பங்குகூடத் தேறாது. 75 கேட்டால் ஒன்றுமே இல்லை. கிராக்கி அதிகமுள்ள சில மாடல்களுக்கு அப்படித்தான் கேட்கிறார்கள். மூன்று வயது வண்டிக்குப் புது விலையில் முக்கால்வாசி போகிறது என்றால் யோசிக்காமல் புதிதை எடுங்கள். புது விலை என்று நாங்கள் சொல்வது தள்ளுபடி போக, வரி, பதிவு எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை.

நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் புது கார் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆசைக்கு வாங்கலாம், தப்பில்லை. லாபம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: முழு விலையும் கடனாகத் தருகிறார்கள். ஐந்து வருடத் தவணையைவிட ஏழு வருடத் தவணை கைக்கு அடக்கமாக இருக்கிறதே?

பதில்: 100 பங்கு கடன், குறையும் நிலுவைக்கு, அதாவது மாதாமாதம் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும், 10 சதவீத வட்டி என்றால், ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 2.12 பங்கு, கட்டி முடிக்கும்போது மொத்தம் 127. ஏழு வருடத்துக்குத் தவணை 1.66, மொத்தம் 139.

வட்டி கூடுவதைவிடப் பெரிய ஆபத்து நடுவில் இருக்கிறது. ஏழு வருடக் கடனில் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 65 பங்கு பாக்கி நிற்கும். வண்டியின் மதிப்போ 58. விற்றாலும் கடன் அடையாது. விபத்தில் வண்டி முற்றிலும் சேதமானால் காப்பீடு வண்டியின் அன்றைய மதிப்பைத்தான் தரும். மிச்சக் கடன் உங்கள் தலையில். ஐந்து வருடக் கடனில் அதே நேரத்தில் பாக்கி 46 என்பதால் இந்தச் சிக்கல் வராது. முன்பணமாக 20 பங்காவது போடுங்கள். முதல் வருடச் சரிவு அதில் அடங்கிவிடும்.

வட்டி ‘ஃப்ளாட்’ கணக்கா, அதாவது கடைசி வரை முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் வட்டி போடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு 10 சதவீதம் ஃப்ளாட் என்பது குறையும் நிலுவைக் கணக்கில் 17 சதவீதத்துக்கு மேல்.

கேள்வி: பழைய கார் என்றாலே ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மெக்கானிக்கை அழைத்துப் போகும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். பானட்டில் கை வைத்தால் சூடு தெரிகிறதா? இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தேய்ந்த டைமிங் செயின் கடகடப்பதும், வால்வு சீல் வழியாக ஆயில் கசிந்து நீலப் புகை வருவதும் முதல் ஸ்டார்ட்டில்தான் நன்றாகத் தெரியும். தொடக்கத்தில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது படியும். கூலன்ட் தொட்டியிலும் எண்ணெய் மிதந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று கொண்டு போங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ‘குறியீடுகளை அழித்த பின் ஓடிய தூரம்’ என்ற அளவைப் பாருங்கள். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் தயாரானது. மீட்டர் 25,000 கிலோமீட்டர் என்கிறது, நாலு டயரும் வண்டியைவிட இளசு என்றால் ஏன் என்று கேளுங்கள்; மீட்டரைக் குறைத்திருக்கலாம். ஸ்டெப்னியின் தேதியையும் ஒப்பிடுங்கள்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியில் கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான் வரை காட்டும். 300-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட்; ஆயிரத்தைத் தொட்டால் அடியில் தடிமனாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவிலும் ஃபெண்டரிலும் இது இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கூரையிலும் கதவுத் தூண்களிலும் இருந்தால் பேரமே வேண்டாம், வண்டியை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, சீட் தண்டவாள போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல்: இவை வெள்ளத்தில் நின்ற வண்டியின் அடையாளம். என்ன விலைக்கும் வேண்டாம். வயரிங் கனெக்டர்களில் துரு மெதுவாகப் பிடித்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் காலை வாரும்.

கேள்வி: தினமும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். புது டீசல் கார் சரிவருமா?

பதில்: வராது. புகைத் துகள் வடிகட்டியில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் அந்தச் சூடு ஏறாது; வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. கிளட்ச், சஸ்பென்ஷன் இரண்டும் மாற்ற வேண்டுமாம். வண்டி விலையில் பாதி செலவாகும் என்கிறார்கள். கொடுத்துவிட்டுப் புதிது வாங்கட்டுமா?

பதில்: வண்டி விலையோடு ஒப்பிடுவதுதான் தவறு. ஒன்பது வயதில் அது புது விலையில் 22 பங்கு. பாதி என்றால் 11. புது கார் முதல் வருடத்தில் நின்ற இடத்திலேயே இழப்பது 20. இந்த ரிப்பேருக்குப் பிறகு வண்டி இரண்டு வருடம் ஓடினாலே நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

ஆனால் பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள ஓரப்பட்டையிலும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும் துரு ஆழமாக அரித்திருந்தால் செலவு செய்யாதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்று பில்லில் தேடுங்கள். அது அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும்; அதன் பிறகு கிளட்ச் செலவெல்லாம் சில்லறை. பெல்ட் கெடு தாண்டியிருந்தால் அதையும் ரிப்பேர்க் கணக்கில் சேர்த்து மறுபடி கூட்டிப் பாருங்கள்.