கம்பி வளையமும் பீன்ஸ் பாட்டிலும்

அன்புள்ள ஐயா,

இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியரின் ‘மெலன்கோலியா’ படம் பார்த்தேன். உலகம் அழியப்போவதை முதல் எட்டு நிமிடத்திலேயே காட்டிவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் கல்யாண விருந்தை ஓட்டுவது ஏன்? பொறுமை போய்விட்டது. இரண்டாம் பாதியில் ஒரு கிரகம் வருகிறது, விலகுகிறது, திரும்பி வந்து மோதுகிறது. பள்ளிக்கூட இயற்பியலே இடிக்கிறது. மனச்சோர்வைச் சரியாகக் காட்டிய படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அண்ணன் சில மாதங்களாக அதற்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். அவருக்குப் போட்டுக் காட்டலாமா?

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

இயற்பியலை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் சொல்வது சரிதான். பூமியைவிடப் பெரிய கிரகம் அத்தனை அருகில் கடந்தால் கடல் ஊருக்குள் ஏறியிருக்கும், நிலம் பிளந்திருக்கும். படத்தில் கொஞ்சம் மூச்சுத்திணறலோடு முதல் சுற்று முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் கடந்துபோன பொருள் ஒரே நாளில் வளைந்து திரும்பவும் திரும்பாது.

ஆனால் கிரகம் நெருங்குகிறதா என்று பார்க்கச் சிறுவன் லியோ குச்சி நுனியில் செய்த கம்பி வளையத்தைக் குறை சொல்ல முடியாது. குச்சியின் ஒரு முனையை மார்பில் ஊன்றி, மறுமுனை வளையத்தைக் கிரகத்தின் விளிம்போடு பொருத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கையில் கிரகம் வளையத்துக்குள் சுருங்கியிருந்தால் விலகுகிறது, வெளியே பிதுங்கினால் நெருங்குகிறது. மார்பில் ஊன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் உள்ள வளையம் ஒரு சென்டிமீட்டர் முன்பின் நகர்ந்தாலே அளவு ஏறக்குறைய 1.7 சதவீதம் பிசகும். நேரே வரும் பொருளின் தோற்ற அளவு, மோதுவதற்கு மிச்சமுள்ள நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் வளரும். வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரம் இருக்கும்போது ஐந்து நிமிட வளர்ச்சி 0.8 சதவீதம்தான். கை நடுக்கத்திலேயே அது காணாமல் போகும். ஒரு மணி நேரம் இருக்கும்போது 9 சதவீதம். கருவி சந்தேகமில்லாமல் பேசத் தொடங்கும்போது தப்பிக்க நேரம் இருக்காது. லியோவின் அம்மா கிளேர் அதைத் தூக்கிப் பார்க்கும் காட்சியின் பயங்கரம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கல்யாணப் பகுதிக்கு வருகிறேன். முடிவு முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டதால் ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வி செத்துவிட்டது. உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் மிச்சம். மறுமுறை பார்த்தால் கதையை விட்டுவிட்டு மணப்பெண்ணை, கிளேரின் தங்கை ஜஸ்டினை, மட்டும் கவனியுங்கள். கேக் வெட்டக் கூட்டம் காத்திருக்கையில் அவள் மாடியில் குளியல்தொட்டியில் கிடக்கிறாள். சிரிப்பு உதட்டில் வந்து கண்ணுக்கு ஏறாமல் நின்றுவிடுகிறது. இத்தனை செலவுக்கும் பதிலாக நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அக்கா கணவன் ஒப்பந்தம் பேசுகிறான். அவளும் மனதாரச் சம்மதிக்கிறாள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஜஸ்டினாக நடித்த கிர்ஸ்டன் டன்ஸ்டுக்கு 2011 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது தகும்.

இரண்டாம் பகுதியில் இதே உடம்பு இன்னும் கீழே போகிறது. மனநல மருத்துவத்தில் பெரும் மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் தொடர வேண்டும். மனவாட்டம், எதிலும் நாட்டமின்மை இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். உடலசைவு மந்தமாவது அந்த ஒன்பதில் ஒன்று. நோயாளி சொன்னால் மட்டும் போதாது, பிறர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கிளேர் ஜஸ்டினைக் குளியல்தொட்டிவரை தாங்கிக்கொண்டு போகிறாள், தொட்டி விளிம்புக்கு மேல் கால் எழவில்லை. சோம்பல் என்று திட்டுகிறவர்கள் அந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்கலாம். குளிப்பது நமக்கு ஒரு வேலை. எழுவது, நடப்பது, உடை களைவது, கால் தூக்குவது, துவட்டுவது, மாற்றுடை போடுவது என்று அவளுக்கு ஆறு வேலை, ஒவ்வொன்றுக்கும் தனியாக மனதைத் திரட்ட வேண்டும். பிடித்த உணவு சாம்பலாகச் சுவைக்கிறது என்று அழுவதும் மிகையல்ல.

படம் சறுக்குவது பீன்ஸ் பாட்டிலில். திருமணத்தில் பாட்டிலுக்குள் எத்தனை பீன்ஸ் என்று ஒரு போட்டி. யாரும் சொல்லாமலே 678 என்று ஜஸ்டினுக்குத் தெரிந்திருக்கிறது. பிரபஞ்சத்தில் வேறெங்கும் உயிர் இல்லை என்பதும் அப்படியே தெரியுமாம். மனச்சோர்வில் இருப்பவர்கள் பேரழிவில் நிதானமாக இருப்பார்கள் என்று தன் சிகிச்சையாளர் சொன்னதிலிருந்து படம் பிறந்ததாக வான் ட்ரியர் சொல்லியிருக்கிறார். அது நிதானம், இது ஞானதிருஷ்டி. சோகமானவர்கள் உண்மையைத் துல்லியமாகப் பார்க்கிறார்கள் என்ற கருத்து உளவியலாளர்கள் அலாய், ஆப்ராம்சன் இருவரின் 1979 சோதனையிலிருந்து பரவியது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில் தன் பங்கு எவ்வளவு என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்ன சோதனை அது. 2022-இல் வெளியான மறுசோதனையில் அந்த முடிவு நிற்கவில்லை. நோயை நோயாக இத்தனை நுட்பமாகக் காட்டிய இயக்குநர் அதற்கு ஒரு கிரீடமும் வைத்துவிட்டார். கால் எழாத பெண்ணை நம்புகிறேன், பீன்ஸ் எண்ணும் பெண்ணை நம்பவில்லை.

உங்கள் அண்ணனுக்கு இப்போது காட்ட வேண்டாம் என்பதற்கும் காரணம் இந்தக் கிரீடம்தான். தூக்கமும் பசியும் சீராகாத நிலையில் ‘எல்லாம் முடிவதே நிம்மதி, அது புரிந்தவள் நான்’ என்ற தொனி உள்ளே இறங்கிவிடும். இரண்டாம் பகுதியில் ஒரு தற்கொலையும் இருக்கிறது. அவர் தேறி, தானாகக் கேட்டால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தத் தற்கொலையை முன்கூட்டியே அவருக்கும் சொல்லிவிட்டு, பகலில் கூடவே உட்கார்ந்து பாருங்கள். ‘ஜஸ்டின்’ என்ற முதல் பகுதி முடிந்ததும் நிறுத்த வசதியான இடம் இருக்கிறது, மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம். சாவதைப் பற்றி அவர் இப்போதே பேசுகிறார் என்றால் படத்தை மறந்துவிட்டு இன்றே மருத்துவரை அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

அதற்குமுன் நீங்கள் மட்டும் அந்தக் குளியல்தொட்டிக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். காலை எழுப்ப முடியாதபோது கிளேர் என்ன செய்யாமல் விடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். அதட்டவில்லை. அன்றைக்குக் குளியல் இல்லை, அவ்வளவுதான்.