அந்தப் பையன எட்டப்பன்னு சொல்லாதீங்க

கேள்வி: எங்க ஏரியாவுல கஞ்சா கும்பலோட சுத்துன பையன் ஒருத்தன், அவனே பொட்டலம் கொண்டுபோய் குடுத்தவன்தான், இப்ப போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிட்டான். நாலு பேரு உள்ள போயிட்டாங்க. தெருவே அவன எட்டப்பன்னு சொல்லுது, அவங்க வீட்டுப் பக்கம் யாரும் போறதில்ல. கூட இருந்து சாப்பிட்டவன் காட்டிக்குடுத்தா துரோகந்தானே? சினிமாவுலயும் இன்ஃபார்மர் செத்தா தியேட்டரே கைதட்டுதே?
ஒரு வாசகர், செல்லூர்

பதில்: துரோகம்னு எழுதுனீங்க, யாருக்குப் பண்ண துரோகம்னு எழுதலையே. பள்ளிக்கூடப் பயலுக கைக்கு கஞ்சா போக வழி பண்ணவனுக்கா?

எட்டப்பன்ங்குற பேர மொதல்ல விடுங்க. எட்டயபுரம் வெள்ளைக்காரன் பக்கம் நின்னது நெசம், ஆனா கட்டபொம்மன பிடிச்சு ஒப்படைச்சது புதுக்கோட்டை தொண்டைமான், அப்புறந்தான் 1799 அக்டோபர்ல கயத்தாறுல தூக்கு. பேரு வைக்கிறதுலயே நாம அவ்வளவு அவசரப்படுற ஆளுங்க.

கூட இருந்து சாப்பிட்டவன்னு சொல்றீங்களே, 2020ல சாத்தான்குளம் ஸ்டேஷன்ல அப்பாவையும் மகனையும் அடிச்சத மாஜிஸ்திரேட்டுகிட்ட சொன்ன தலைமைக் காவலர் ரேவதி யாரு? அவங்களும் கூட வேல பாத்தவங்கள பத்தித்தான் சொன்னாங்க. அவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கச் சொன்னது நம்ம மதுரை ஹைகோர்ட் கிளைதான், அன்னைக்கு ஊரே அவங்கள கும்பிட்டுச்சு. இந்தப் பையன் ரேவதி இல்ல, அவன் கையிலயும் அழுக்கு இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா உள்ள இருந்தவனுக்குத்தானே உள்ள நடக்குறது தெரியும், வேற யாரு வந்து சொல்லுவா?

போலீஸ்கிட்ட பேசுறவன் மேல நம்ம பக்கம் இருக்குற வெறுப்ப நான் லேசா பேச மாட்டேன். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகைச் சட்டத்த எதிர்த்து நின்ன சனத்த சுட்டுக் கொன்னாங்க, மாயக்காள்ங்குற அம்மாவும் அதுல செத்தாங்க. ஒரு சாதியில பொறந்ததுக்கே குற்றவாளின்னு கைரேகை எடுத்து, ராத்திரியானா ஆஜர் குடுக்கச் சொன்ன காலம் அது, அப்ப ஊருக்குள்ள இருந்து பேர் சொன்னவன் ஊரையே வித்தவன்தான். அந்த பயம் அப்பத்தா வாய் வழியா நம்ம வரைக்கும் வந்திருக்கு, நியாயமான பயம். ஆனா அதே பயத்துக்குப் பின்னாடி இன்னைக்கு கஞ்சா விக்கிறவன் ஒளிஞ்சுக்குறான், அதத்தான் எனக்குத் தாங்க முடியல.

அதே சீமையில துப்புக்கூலின்னும் ஒண்ணு இருந்துச்சு, மாடு களவு போனா துப்பு குடுத்து மீட்டுத் தர்றதுக்கு கூலி. துப்பு சொல்றதே பாவம்னு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல.

சினிமா பத்திக் கேட்டீங்க. மதுரைன்னா அருவா, நண்பனுக்கு உசுரக் குடுக்குறது, அதுல இன்ஃபார்மர்னா முழிய உருட்டிக்கிட்டு டீக்கடையில நிப்பான், குத்துப்பட்டு சாவான். அவனுக்கும் வீட்டுல ஒரு அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்கங்குறத யோசிக்கவே விடுறதில்ல, அதான் கைதட்டு.

இன்னொருத்தனும் இருக்கான், ஸ்டேஷனுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்துக்கிட்டே தன் யாவாரத்தையும் நடத்துறவன். அவன் மேல கோவப்படுங்க, நானும் படுறேன். உங்க தெருப் பையன அவனோட சேக்காதீங்க.

எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. தகவல் யார் குடுத்தாங்கன்னு போலீஸ வற்புறுத்திக் கேக்க முடியாதுன்னு 1872 சாட்சியச் சட்டம் 125ஆம் பிரிவுலயே இருந்துச்சு. அப்புறம் இவன் பேரு தெருவுக்கு எப்பிடி வந்துச்சு? அத வெளிய விட்டவந்தான் காட்டிக்குடுத்தவன், அவன ஏன் யாரும் தேடல?

அவன் கோர்ட்ல சாட்சி சொல்லப் போறான்னா 2018ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு, மாவட்ட நீதிபதி தலைமையில குழு, அங்க மனு குடுக்கணும், மெரட்டல் எவ்வளவுன்னு போலீஸ் அறிக்கை குடுக்கணும். அவங்கம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்காது. யாரும் போறதில்லன்னு எழுதுனீங்கல்ல, நீங்க போங்க, இந்த வாரமே போய் சொல்லுங்க.