அகஸ்டாவுக்கு ஆள் தெரிய வேண்டும், மியூர்ஃபீல்டுக்கு கோட்டும் டையும் வேண்டும்

கேள்வி: ஏப்ரல் வந்தால் ராத்திரி கண்விழித்து மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பார்ப்பவன் நான். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையின் அளவு, குறையக் குறைய நல்லது) 19. காசு சேர்த்தால் என்னைப் போன்ற ஒருவன் அது நடக்கும் அமெரிக்க கிளப்பான அகஸ்டா நேஷனலில் ஒரு ரவுண்டு ஆட முடியுமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: காசு சேர்க்காதீர்கள், அங்கே அது செல்லாது. உறுப்பினராக விண்ணப்பம் என்று ஒன்றே கிடையாது, அவர்களாகக் கூப்பிட வேண்டும். மொத்தமே சுமார் 300 பேர்தான். விருந்தாளியாகப் போவதென்றாலும் ஓர் உறுப்பினர் கூடவே வந்தாக வேண்டும். இன்னொரு சந்தும் இருக்கிறது. மாஸ்டர்ஸ் முடிந்த மறுநாள், செய்தி சேகரிக்க வந்த நிருபர்களில் சிலருக்குக் குலுக்கல் போட்டு அதே மைதானத்தில் ஆட விடுவார்கள். நானும் பத்திரிகைக்காரன்தான், ஆனால் ராசிபலனுக்கு அடுத்த பக்கத்தில் கேள்வி-பதில் எழுதுகிறவனுக்கு அந்தச் சீட்டு விழாது.

அதனால் ஸ்காட்லாந்துப் பக்கம் பாருங்கள். எடின்பரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில், கல்லன் என்ற கடலோர ஊரில் மியூர்ஃபீல்டு இருக்கிறது. அதுவும் தனியார் கிளப்தான், அதுவும் சாதாரண கிளப் இல்லை. 1744-ல் கோல்ஃபுக்கு முதன்முதலில் 13 விதிகளை எழுதி வைத்தவர்களின் கிளப். ஆனால் செவ்வாய், வியாழன் ஆகிய இரண்டு நாள் வெளியாட்களைப் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். ஹேண்டிகேப் வரம்பும் உண்டு, உங்கள் 19 இடிக்கலாம், முதலில் அதைக் கேட்டுவிட்டு அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் மியூர்ஃபீல்டில் ஆடியிருக்கிறீர்களா? எத்தனை அடித்தீர்கள்? மழுப்பாமல் சொல்லவும். (இன்னொரு வாசகர், திருச்சி)

பதில்: ஆடினேன். 112, குறைவாக அடிப்பவன்தான் ஜெயிக்கிற ஆட்டத்தில். போதுமா?

என் ஹேண்டிகேப் 17, அதுவும் நல்ல நாளில். முதல் டீயில், அதாவது ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், கை நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்தது நாலே பேர், அதில் ஒருவர் மட்டைப் பையைத் தூக்கி வரும் என் கேடி. என் முதல் அடி எங்கே போனது என்று அவரைக் கேட்டேன், "போன இடம் தெரியும், எடுக்கத்தான் முடியாது" என்றார். முழங்கால் உயரப் புல். அதில் நின்று ஓங்கி அடித்தால் பந்துக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வைக்கோல்தான் பறக்கும். இரண்டாவது ஹோலிலிருந்து, போகட்டும் என்று புதுப் பந்து எடுக்கப் பழகிக்கொண்டேன்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலோர மைதானங்களில் பெரும்பாலும் முதல் ஒன்பது ஹோல் போகிற திசை, அடுத்த ஒன்பது வருகிற திசை. இங்கே முதல் ஒன்பது வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றில் போகிறது, அடுத்த ஒன்பது அதற்குள்ளேயே எதிர்ச்சுற்றில் வருகிறது. அதனால் காற்று ஒரு ஹோலில் முதுகைத் தள்ளும், அடுத்ததில் விலாவில் குத்தும், பழகவே விடாது. 2002-ல் இங்கே நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியில், அந்த வருட மாஸ்டர்ஸும் யு.எஸ். ஓபனும் ஜெயித்த கையோடு வந்த டைகர் வுட்ஸ், மூன்றாம் நாள் மழையிலும் காற்றிலும் 81 அடித்தார், அவர் தரத்துக்கு அது ரொம்ப மோசம். அதை நினைத்துக்கொண்டே நான் ஆடினேன், வெயிலில்.

13-வது ஹோல், மேட்டில் இருக்கும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. பக்கத்தில் இருக்கும் பங்க்கர்கள், அதாவது மணல் குழிகள், கிணறு மாதிரி, சுவரைப் புல்தரையை அடுக்கி அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதே 2002-ல் எர்னி எல்ஸ் இங்கே ஒரு பங்க்கரிலிருந்து ஒரே அடியில் கொடிக்குப் பக்கத்தில் போட்டு, கடைசியில் கோப்பையையும் வாங்கினார். நான் மூன்று முறை சுவரில் அடித்தேன். நாலாவது முறை கேடி சொன்னபடி பின்பக்கமாக வெளியே வந்தேன், அதற்கு அவர் கைதட்டினார்.

அப்புறம் மத்தியான சாப்பாடு. கோட்டும் டையும் இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள் விட மாட்டார்கள், என் டையில் போன கல்யாணத்துச் சாம்பார் கறை. ரோஸ்ட் இறைச்சியை எதிரிலேயே வெட்டித் தருகிறார்கள், நிறையத் தின்றேன், தின்றிருக்கக் கூடாது. ஏனென்றால் மதியம் ஃபோர்சம்ஸ், அதாவது இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். காலையில் என் பந்துகளை மட்டும் தொலைத்தவன், மதியம் கூட்டாளியின் பந்துகளையும் தொலைத்தேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. எதுவும் பேசவும் இல்லை.

கேள்வி: பெண்களைச் சேர்க்காத கிளப்புக்கு இவ்வளவு விளம்பரமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: பழைய கதை, ஆனால் ரொம்பப் பழையது இல்லை. 2016-ல் பெண்களை உறுப்பினராக்கலாமா என்று ஓட்டுப் போட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அப்படியானால் ஓபன் போட்டி உங்களுக்குக் கிடையாது என்று அந்தப் போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அன்றைக்கே சொல்லிவிட்டது. 2017-ல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், நிறைவேறியது. ஒரு வருடத்தில் மனசு மாறியதா, ஓபன் போச்சே என்று மாறியதா, நீங்களே சொல்லுங்கள். 2022-ல் பெண்கள் ஓபன் அங்கே நடந்தது, தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் பிளே-ஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், ஜெயித்தார். பிளே-ஆஃபின் முடிவில் அவர் 18-வது ஹோலின் பங்க்கரிலிருந்து ஒரே அடியில் வெளியே வந்தார் தாயே, என்னைப் போல நாலு இல்லை.