ஆராய்ச்சிச் செய்தியை நம்பிப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் மரபணுச் சிகிச்சை, புதுவகைச் சூரிய மின்கலம், செயற்கை மூட்டு என்று நாள்தோறும் வரும் ஆராய்ச்சிச் செய்திகளைச் சேர்த்து வைப்பதாகவும், மாதத்துக்கு ஒரு துறையைத் தன் எதிர்காலம் என்று அறிவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இவற்றுள் எது நிலைக்கும், எதைப் படித்தால் பிழைப்புக்கு வழி கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தியில் வரும் பெயரைப் பட்டத்தின் பெயரில் தேடாதீர்கள். இளநிலையில் வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், அல்லது இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல், பொருளறிவியல் போன்ற அடிப்படைத் துறை ஒன்றை அவர் ஆழமாகப் படிக்கட்டும். செய்தியில் ஒளிரும் துறைக்கு முதுநிலையிலோ முனைவர் பட்டத்திலோ போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. மிகக் குறுகிய தலைப்பில் இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டுப் பின்னர் அடிப்படைத் துறைக்குத் திரும்புவது அதைவிடக் கடினம்.

இப்படிச் சொல்வதற்கு முதற்காரணம் காலக் கணக்கு. கொரோனாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி 2020-இன் இறுதியில்தான் உலகத்தார் கண்ணில் பட்டது. ஆனால் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கும் அந்த ஆர்.என்.ஏ. மூலக்கூறின் அலகுகளுள் ஒன்றைச் சற்றே மாற்றி அமைத்தால் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் கருதிக் கொந்தளிப்பதில்லை என்ற கண்டுபிடிப்பை ஆய்வாளர்கள் காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மேனும் 2005-இலேயே வெளியிட்டிருந்தார்கள். அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பு, ஆய்வுக்கு நிதி திரட்ட முடியாத நிலையில், கரிக்கோ தம் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கத்தைச் சந்தித்திருந்தார். நோபெல் பரிசு 2023-இல் வந்தது. லித்தியம் அயனி மின்கலத்தின் கதையும் இதே போக்கில்தான் சென்றது: 1970-களில் ஸ்டான்லி விட்டிங்கம் தொடங்கி வைத்தார், 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாய்க்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார், 1991-இல் விற்பனைக்கு வந்தது, 2019-இல் பரிசு கிடைத்தது. உங்கள் மகள் இளநிலையில் சேர்ந்து முனைவர் பட்டத்துடன் வெளியே வர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். இன்றைய தலைப்புச் செய்தி அன்று பழங்கதையாகவோ, எவரும் வியக்காத அன்றாடத் தொழிலாகவோ மாறியிருக்கும். இரண்டில் எது நடக்கும் என்று இன்று துணிந்து சொல்பவரை நான் நம்புவதில்லை.

இரண்டாவது காரணத்தை விளக்க, அவர் சேர்த்து வைத்திருக்கும் செய்திகளுள் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியைக் கொண்டு, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கு அளிக்கப்படும் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவேல் சார்பென்டியேவும் கிரிஸ்பர் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை 2012-இல் வெளியிட்டதை நினைத்தால் இது வியப்பூட்டும் வேகந்தான். எனினும் அந்தச் சிகிச்சை ஒரு நோயாளியைச் சென்றடையும் வரை யார் யார் கைகள் அதில் படுகின்றன என்று பாருங்கள். முதலில் நோயாளியின் இரத்தத்திலிருந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அது இரத்தவியல் மருத்துவரும் பயிற்சி பெற்ற செவிலியரும் இயந்திர இயக்குநரும் சேர்ந்து செய்யும் வேலை. அவ்வணுக்கள் தொலைவிலுள்ள ஓர் உற்பத்திக் கூடத்துக்குச் சென்று, அங்கே மின்துடிப்பின் உதவியால் திருத்தக் கருவியை உள்ளே ஏற்றிக்கொள்கின்றன. இந்நோயால் பழுதாகாத, கருவுக்குரிய ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகாதபடி தடுத்துக்கொண்டிருக்கும் மரபணுப் பகுதி அப்போது வெட்டப்படுகிறது. வெட்டு வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்ததா, வேறு எங்காவது விழுந்துவிட்டதா என்று ஆராய்வது மரபணு வரிசையை வாசிப்பவரும் கணினி உயிரியலாளரும் செய்யும் வேலை. பிறகு ஒவ்வொரு தொகுப்பையும் கிருமித் தொற்று இல்லை என்று உறுதிசெய்து, உறைநிலையில் பாதுகாத்து, ஒருவரின் அணுக்கள் இன்னொருவரிடம் போய்விடாதபடி பதிவேட்டில் தொடர்ந்து காத்து, மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நோயாளிக்கோ, புதிய அணுக்களுக்கு எலும்பு மச்சையில் இடம் உண்டாக்குவதற்காகக் கடுமையான வேதிமருந்துச் சிகிச்சை அளிக்க வேண்டும்.

இந்த வரிசையில் 'மரபணுத் திருத்தம்' என்று பெயரிட்ட பட்டம் தேவைப்பட்டவர் எவருமில்லை. மருத்துவம், செவிலியம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேதிப் பொறியியல், புள்ளியியல், கணினியியல், குளிர்பதனத் தொழில்நுட்பம் ஆகியவைதாம் தேவைப்பட்டன. 'எந்தச் செய்தி உனக்குப் பிடித்திருக்கிறது?' என்று அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, 'இந்தச் செய்திக்குப் பின்னே இருக்கும் வேலைகளுள் எதை நாள் முழுதும் செய்ய உனக்கு மனம் வரும்?' என்று கேளுங்கள். வரும் பதில் உங்களையும் அவரையும் ஒருங்கே வியப்பில் ஆழ்த்தக்கூடும்.

அடிப்படைத் துறையில் ஊன்றியவர்கள் பின்னாளில் எவ்வளவு தூரம் நகர முடிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. குட்இனஃப் இளநிலையில் கணிதம் படித்தவர். முனைவர் பட்டம் இயற்பியலில். நோபெல் பரிசு வேதியியலில், அதுவும் 97 வயதில். புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக 2024-இல் வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஜம்பர் இயற்பியலும் கணிதமும் படித்துக் கோட்பாட்டு வேதியியலுக்கு வந்தவர். அவருடன் பரிசு பெற்ற டெமிஸ் ஹசாபிஸ் கணினியியல் படித்துவிட்டு நரம்பறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நோபெல் பெற்றவர்களைச் சாதாரண மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவதில் எனக்குப் பெரிய உடன்பாடு கிடையாது; ஆனால் துறை மாறுவது தோல்வியாகிவிடுமோ என்று அஞ்சும் பெற்றோருக்கு இந்த மூவரின் பயணமும் தெரிந்திருப்பது நல்லது.

ஆல்ஃபாஃபோல்டு பற்றிப் பேச்சு வந்ததால், செயற்கை நுண்ணறிவே இனி ஆராய்ச்சி எல்லாம் செய்துவிடுமே என்ற உங்கள் அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். அந்த நிரல் வெறுவெளியிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில், உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்து வைத்த வடிவங்களே அதற்குப் பாடமாக அமைந்தன. நம்பகமான அளவீடு இல்லாத இடத்தில் கற்பதற்கு அதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சோதனைக்கூடத்தில் கை பழகியவருக்கு வேலை போய்விடும் என்று நான் கருதவில்லை. நிரல் எழுதவோ புள்ளிவிவரத்தை ஆராயவோ அறவே தெரியாத சோதனையாளர் பின்தங்கிப் போவார் என்றே கருதுகிறேன். உங்கள் மகள் எந்தப் பட்டத்தை எடுத்தாலும் புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும் அதனுடன் சேர்ந்து வரட்டும்.

அடுத்து, செய்தியை வாசிக்கும் முறை. அவர் வாசிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கூர்மையாக வாசிக்கப் பழக்குங்கள். 2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வுக் குழு ஒன்று, அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், அதாவது மீகடத்தி, என்று எல்கே-99 என்பதை அறிவித்தது. சக ஆய்வாளர்கள் மதிப்பிடுவதற்கு முன்பே இணையத்தில் இடப்பட்ட கட்டுரைகள் அவை. சில வாரங்களுக்குள் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்து, மின்தடை திடீரென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த தாமிர சல்பைடு மாசு என்றும், தூய பொருள் மின்சாரத்தைக் கடத்தாத காப்புப்பொருளே என்றும் காட்டிவிட்டன. அந்த வாரங்களில் மீகடத்தித் துறையில் சேரத் துடித்த மாணவர்கள் எத்தனை பேரோ! அந்த ஏமாற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பிற ஆய்வகங்கள் அதைச் சரிபார்த்த விதம். மாசைக் கண்டுபிடித்த அந்த வேலையே உண்மையான பொருளறிவியல். அதை வாசித்து உங்கள் மகள் சலித்துக்கொள்ளாமல் மகிழ்ந்தால், அவருக்கு அத்துறையில் இடம் உண்டு.

எண்கள் எதை அளக்கின்றன என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலைப் பெற்றார்கள். சாதனைதான், ஐயமில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து ஏறத்தாழ 300 மெகாஜூல் எடுக்கப்பட்டது. பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புடைய பொருளால் ஆன சூரிய மின்கலமும் அப்படித்தான்: 2009-இல் 3.8 விழுக்காடாக இருந்த செயல்திறன் இன்று 25 விழுக்காட்டைக் கடந்துவிட்டது என்பது செய்தி. ஈரமும் வெப்பமும் அதைச் சிதைக்காமல் பல்லாண்டுகள் உழைக்கச் செய்வது எப்படி என்பது வேலை. எலி, மனிதர் என்ற வேறுபாடு மருத்துவச் செய்திகளில் அடிக்கடி மறைந்துபோகிறது; மனிதரிடம் சோதித்திருந்தால் எத்தனை பேரிடம், எந்தக் கட்டத்தில் என்று அவர் கேட்கப் பழக வேண்டும்.

இனி, வருமானம். ஆராய்ச்சி என்றதும் பேராசிரியர் பதவியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதால்தான் பெற்றோருக்கு அச்சம் வருகிறது. அந்தப் பதவிகள் மிகக் குறைவு என்பது உண்மை; முனைவர் பட்டம் பெறுபவர்களுள் பெரும்பாலோர் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வருவதற்குள் அதைச் சோதிப்பவர், தரத்தை உறுதிசெய்பவர், பெருமளவில் உற்பத்தி செய்யும் முறையை வகுப்பவர், ஒழுங்குமுறை அமைப்புக்குரிய ஆவணங்களைத் தயாரிப்பவர், காப்புரிமை எழுதுபவர் என்று பலர் தேவைப்படுகிறார்கள். இவர்களுடைய பெயர் செய்தியில் வருவதில்லை, சம்பளம் வருகிறது.

இவர்களை இரண்டாந்தரமானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியான ஜான் சார்ன்லி முதலில் இடுப்புக் குழியில் டெஃப்லான் என்னும் நெகிழியால் ஆன கிண்ணங்களைப் பொருத்தினார். அவை விரைவில் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் திசுக்களைப் புண்ணாக்கியதால் நோயாளிகளுக்கு மறு அறுவை செய்ய நேர்ந்தது. 1962-இல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த வலுவான பாலிஎத்திலீன் வகையில் சார்ன்லிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன்தான் அதைத் தேய்மானச் சோதனைப் பொறியில் வைத்து ஓட்டினார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அதன் வழிவந்த பாலிஎத்திலீன் வகைகளே இன்றும் மூட்டு மாற்று அறுவையில் பரவலாகப் பயன்படுகின்றன.

மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் நோயாளியின் அருகில் இருந்து பொறுப்பேற்க விருப்பம் உள்ளவருக்கே அந்த நெடுவழி பொருந்தும். ஆய்வகம் மட்டுமே ஈர்க்கும் ஒருவரை அதில் சேர்ப்பது அவருக்கும் நல்லதில்லை, நோயாளிக்கும் நல்லதில்லை.

முனைவர் பட்டம் என்ற கட்டம் வரும்போது இரண்டு கருத்துகளில் உறுதியாக இருங்கள். உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கி முனைவர் படிப்பில் சேருவதை நான் பரிந்துரைப்பதில்லை. மேலும், நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியின் குணமும் அவருடைய முன்னாள் மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம்; சேருவதற்கு முன் அம்மாணவர்களுள் ஓரிருவரிடம் நேராகப் பேசிவிட வேண்டும். நான்கைந்து ஆண்டுகளின் மனநிலையை முடிவுசெய்யப்போவது அந்தப் பேச்சில் தெரியவரும் சிறு சிறு விவரங்களே.

இப்போதைக்கு ஒரு பயிற்சி. அவர் சேர்த்து வைத்திருக்கும் செய்திகளுள் மிகவும் பிடித்த ஒன்றை எடுத்து, அதன் மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடிக்கட்டும். பல கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதும் புரியாது, புரிய வேண்டியதுமில்லை. செய்முறை என்ற பகுதியை மட்டும் மெதுவாக வாசித்து, என்னென்ன கருவிகள், என்னென்ன கணக்குகள், யார் யார் பங்கு என்று ஒரு தாளில் எழுதட்டும்; ஆசிரியர்கள் எந்தெந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பது கட்டுரையின் முதற்பக்கத்திலேயே இருக்கும். வேறு வேறு துறைகளில் இப்படி மூன்று நான்கு கட்டுரைகளைப் பார்த்துவிட்டால், எந்தப் பக்கத்தில் அவர் பேனா வேகமாக ஓடியது, எங்கே அலுத்து நின்றது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகும் இரண்டு பட்டங்களுக்கிடையே தயக்கம் இருந்தால், இரு கல்லூரிகளின் பாடத்திட்டங்களையும் அந்தத் தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். இளநிலை மாணவர்கள் ஆய்வகக் கருவிகளைத் தாமே இயக்க எந்தக் கல்லூரி அனுமதிக்கிறது என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்